முதல் ஜோடி பால் பைத்தான்: எந்த நிறத்தை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்குத் தெற்கே இருக்கிறோம். வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை முழுக்கப் பால் பைத்தான் பாம்புகள்தான். ஒன்பது வருடமாக வளர்க்கிறேன், ஆறு வருடமாக முட்டை எடுக்கிறேன். டின்லி பார்க் ஊர்வனக் கண்காட்சியில் நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டு நின்று விசாரிப்பவர்கள், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்கும் தம்பிமார்கள், வீட்டுக்கு வந்து கதவோரமாகவே நின்று எட்டிப் பார்க்கும் நண்பர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

"பால்" பைத்தானா? பால் குடிக்குமா?

குடிக்காது. நாகப்பாம்பும் குடிக்காது, அது வேறு கதை. பயந்தால் இந்தப் பாம்பு தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பந்துதான் 'பால்'. பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்கிறார்கள். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அதிகம் போயிருக்கிறது. வளர்ந்தால் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை. நம் ஊர் மலைப்பாம்பின் உறவுதான், ஆனால் மடியில் வைத்துக்கொள்ளும் அளவு.

மார்ஃப் என்றால் என்ன?

இயல்பான பால் பைத்தான் கறுப்பும் பழுப்புமாக இருக்கும். அதிலிருந்து நிறமோ கோலமோ மாறி, அந்த மாற்றம் குட்டிகளுக்கும் போனால் அது மார்ஃப். அல்பினோவை 1992இல் பாப் கிளார்க் முதன்முதலாகக் கூண்டில் பொரிக்க வைத்தார். வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைபால்டை, சுருக்கமாகப் பைட் என்பார்கள், 1997இல் பீட்டர் கால் பொரிக்க வைத்தார். அன்றிலிருந்து வளர்ப்பவர்கள் ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து இன்று ஆயிரக்கணக்கான கலவைகள். பெயர்களைக் கேட்டால் ஐஸ்கிரீம் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும்: பனானா, பட்டர், சின்னமன், ஷாம்பெயின்.

மரபணுக் கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்தீர்களே, அவ்வளவு போதும். ஓங்கு, ஒடுங்கு இரண்டும் நினைவிருக்கிறதா? அதுவேதான்.

ஒடுங்கு ஜீன் (இங்கே ரிசஸிவ் என்பார்கள்) அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அல்பினோ, பைட், கிளவுன், ஆக்ஸாந்திக், கோஸ்ட் எல்லாம் இந்த வகை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பாம்பு பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும், ஆனால் உள்ளே சுமக்கும். அதற்கு 'ஹெட்' என்று பெயர். வெளியே நிறமாகத் தெரிந்தால் 'விஷுவல்'. இந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய வரும்.

பாஸ்டல், என்ச்சி, மொஹாவே, லெஸ்ஸர், ஆரஞ்சு ட்ரீம் போன்றவை இன்னொரு வகை. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே தெரியும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் 'சூப்பர்' ஆகி வேறொரு தோற்றம் எடுக்கும். பாஸ்டலும் பாஸ்டலும் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் கால் பங்கு வாய்ப்பு சூப்பர் பாஸ்டல், பாதி பாஸ்டல், கால் பங்கு சாதாரணம்.

என் கண்ணுக்கு எது அழகோ அதையே எடுத்துவிடலாமா?

வளர்க்க மட்டும் என்றால் தாராளமாக. குட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். எல்லோரும் பார்ப்பது அந்த ஜோடியிலிருந்து வரக்கூடிய மிக அழகான குட்டியை. நான் பார்க்கச் சொல்வது மிகச் சாதாரணமான குட்டியை.

ஒரு பெண் ஒரு தடவைக்கு நாலிலிருந்து எட்டு முட்டை வரை இடும், பொதுவாக ஆறு. அந்த ஆறில் ஒன்று ஜொலிக்கலாம். மீதி ஐந்து? அவற்றுக்கும் பெட்டி வேண்டும், வெப்பம் வேண்டும், வாராவாரம் எலி வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது வருடம் வாழும் உயிர். சாதாரண நிறக் குட்டிக்கு என் பகுதியில் ஐம்பது டாலர் கிடைத்தாலே பெரிது, பல நேரம் வாங்க ஆளே இருக்காது. என் முதல் வருடக் குட்டிகளில் மூன்று இன்னும் கீழ்த்தளத்தில்தான் இருக்கின்றன. இப்போது நாலடி. அவற்றை யாருக்கும் கொடுக்க மனமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

அதனால் ஒரு ஜோடியைப் பார்த்ததும் தாளில் எழுதிப் பாருங்கள்: இதில் வரக்கூடிய கடைசிக் குட்டி எது, அதை யார் வாங்குவார், வாங்காவிட்டால் நானே வைத்துக்கொள்வேனா? மூன்றாவதற்கு 'ஆம்' வந்தால் ஜோடி நல்லது.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். முதல் ஜோடிக்கு எது?

பைட் ஆண், அதோடு பைட் ஹெட் உள்ள பாஸ்டல் பெண். இதுதான் என் பதில்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு முட்டைக்கும் பாதி வாய்ப்பு பைட். அதோடு தொடர்பில்லாமல் பாஸ்டல் வரவும் பாதி வாய்ப்பு. இரண்டும் சேர்ந்தால் நால்வகைக் குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு: பாஸ்டல் பைட், பைட், பைட் சுமக்கும் பாஸ்டல், பைட் சுமக்கும் சாதாரண நிறம். கடைசிக் குட்டி எது? பார்க்கச் சாதாரணமானது, ஆனால் நூறு சதவீதம் ஹெட். அப்பா விஷுவல் என்பதால் அதில் சந்தேகமே கிடையாது. அதை வாங்கவும் ஆள் உண்டு, நீங்கள் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் பயன்படுத்தவும் முடியும்.

பைட்டில் எனக்குப் பிடித்த இன்னொன்று, இரண்டு குட்டி ஒரே மாதிரி வராது. ஒன்றுக்குக் கழுத்தோரம் மட்டும் கைக்குட்டை அளவு வெள்ளை, அதன் உடன்பிறப்புக்குத் தலையும் வாலும் தவிர முழுதும் வெள்ளை. எவ்வளவு வெள்ளை வரும் என்று பெற்றோரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், தலையாட்டம் போன்ற நரம்புக் கோளாறு எதுவும் பைட்டோடு ஒட்டி வருவதில்லை.

பைட் கையில் வரவில்லை என்றால் கிளவுன். முதுகில் ஓடும் கோடு, தலையில் தனிக் கோலம், கண்ணுக்குக் கீழே கண்ணீர்த் துளி போல ஒரு திட்டு. சின்னப் படத்தில் பார்த்தால் பைட் அளவுக்குக் கண்ணைப் பறிக்காது, கையில் எடுத்தால் கீழே வைக்கத் தோன்றாது. கணக்கு அதேதான்: கிளவுன் ஆண், கிளவுன் ஹெட் பெண். பெண்ணிடம் என்ச்சியோ பாஸ்டலோ இருந்தால் கூடுதல் அழகு.

ஹெட் ஆணும் ஹெட் பெண்ணும் விலை குறைவாகக் கிடைக்கிறதே?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அல்பினோ ஹெட் ஜோடி, இரண்டும் நூறு சதவீதம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரிடம் வாங்கினேன். முதல் வருடம் ஆறு முட்டை, ஆறும் பழுப்பு. சரி, அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டேன். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்தால் ஒரு முட்டைக்குக் கால் பங்கு வாய்ப்புதானே. ஆறு முட்டையிலும் ஒரு விஷுவல்கூட வராமல் போக 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டாம் வருடம் ஏழு முட்டை. ஏழும் பழுப்பு. பதின்மூன்றும் தப்புவதற்கான வாய்ப்பு இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

நண்பர் ஒருவரின் அல்பினோ ஆணை என் பெண்ணோடு விட்டுப் பார்த்தேன். ஐந்து முட்டையில் இரண்டு அல்பினோ. ஆக, பெண் உண்மையான ஹெட். ஆண் வெறும் சாதாரணப் பாம்பு. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, அவரையே யாராவது ஏமாற்றினார்களா, தெரியாது. மூன்று வருடம் போனது போனதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெட் ஜோடி உண்மையாகவே இருந்தாலும், விஷுவல் அல்லாத குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் விற்கும்போது '66 சதவீத ஹெட்' என்று எழுதுகிறார்கள். வாங்குபவருக்கு அது லாட்டரிச் சீட்டு. விஷுவலை ஹெட்டோடு சேர்த்தால் இந்தக் குழப்பமே கிடையாது, ஆறு முட்டையும் தப்பும் வாய்ப்பு 64இல் ஒன்று மட்டுமே.

இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. பாம்பு உரித்த சட்டையை உறையில் போட்டு அனுப்பினால் பல ஒடுங்கு ஜீன்களுக்கு டிஎன்ஏ சோதனை செய்து தருகிறார்கள். ஹெட் என்று சொல்லி எதை விற்றாலும் அந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். இல்லையென்றால் விஷுவல் பெற்றோரின் படத்தையாவது கேளுங்கள்.

குட்டியில் பார்த்த நிறம் பெரிதானாலும் இருக்குமா?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்க மறப்பது. பாஸ்டல் குட்டி எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். மூன்று வயதில் பார்த்தால் பலவற்றில் மஞ்சள் மங்கிப் பழுப்பு ஏறியிருக்கும். ஆக்ஸாந்திக் பிறக்கும்போது கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போல இருக்கும், வளர வளரச் சில வம்சவழிகளில் பழுப்பு எட்டிப் பார்க்கும். (ஆக்ஸாந்திக் வாங்கினால் எந்த வழி, அதாவது எந்த வளர்ப்பாளரிடம் தொடங்கிய வம்சம், என்று கேட்டே ஆக வேண்டும். விபிஐ வழியையும் டிஎஸ்கே வழியையும் சேர்த்தால் ஆக்ஸாந்திக் வராது, பெயர் ஒன்றானாலும் ஜீன் வேறு.) பனானாவில் வயதாக ஆகக் கறும்புள்ளிகள் விழும், கனிந்த வாழைப்பழத்தோல் போலவே. சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

நிறம் நிற்பவை என்றால் அல்பினோ, பைட்டின் வெள்ளை, என்ச்சியின் ஆரஞ்சு ஓரளவு. எதை வாங்கினாலும் அதன் அப்பா அம்மாவை வளர்ந்த நிலையில், சாதாரண அறை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். சட்டை உரித்த மறுநாள் எடுத்த படத்தில் எல்லாப் பாம்பும் அழகிதான்.

நீலக் கண் வெள்ளைப் பாம்பு வேண்டும். எப்படி?

மொஹாவேயும் லெஸ்ஸரும் சேர்த்தால் ஒரு முட்டைக்குக் கால் பங்கு வாய்ப்பு. பால் வெள்ளை உடல், நீலக் கண். மீதியில் மொஹாவே, லெஸ்ஸர், சாதாரணம், ஒவ்வொன்றும் கால் பங்கு. லெஸ்ஸரோடு லெஸ்ஸரைச் சேர்த்தாலும் வெள்ளை வரும், ஆனால் கண் பிதுங்கி வரும் குட்டிகள் அதில் அதிகம், வேண்டாம். மொஹாவேயோடு மொஹாவே சேர்த்தால் தலையில் சாம்பல் நிழல் இருக்கும். முதல் ஜோடிக்கு மொஹாவே, லெஸ்ஸர் சேர்க்கை மோசமில்லை, ஒடுங்கு ஜீன் எதுவும் தேவைப்படாததால் விலையும் குறைவு. ஆனால் அந்தக் கால் பங்குச் சாதாரணக் குட்டிகளுக்கு இடம் பார்த்து வையுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

முதலில் ஸ்பைடர். மெல்லிய கோடுகளோடு சிலந்தி வலை போல அழகான கோலம், 1999இல் கூண்டில் பொரித்தபோது எல்லோரும் மயங்கிப்போனார்கள். ஆனால் அந்த ஜீனோடு ஒரு தலையாட்டம் ஒட்டியே வருகிறது. சிலவற்றில் லேசாக, சிலவற்றில் எலியைக் குறி பார்க்க முடியாமல் தலை மேல்நோக்கித் திருகிக்கொள்ளும் அளவுக்கு. 2022இல் வெளியான ஒரு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் ஆய்வில் ஸ்பைடர் பாம்புகளின் உள்காதில், உடலைச் சமநிலையில் வைக்கும் உறுப்பு, இயல்பான பாம்பிலிருந்து மாறுபட்டிருப்பது தெரிந்தது. நல்ல ஸ்பைடரோடு சேர்த்தால் ஆட்டம் போய்விடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். கோலமும் ஆட்டமும் ஒரே பொட்டலம். பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையையே தடை செய்துவிட்டது.

நான் ஒரு முறை கண்காட்சி மேசையில் ஒன்றைக் கையில் எடுத்தேன். அது என் கட்டைவிரலைப் பார்க்க முயன்றது. தலை வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

இதில் சிக்கல் என்னவென்றால் பெயரில் ஸ்பைடர் என்று இருக்காது. 'பம்பிள்பீ' என்றால் ஸ்பைடரும் பாஸ்டலும். 'ஸ்பின்னர்' என்றால் ஸ்பைடரும் பின்ஸ்ட்ரைப்பும். 'ஹனி பீ' என்றால் ஸ்பைடரும் கோஸ்ட்டும். பெயரின் கடைசியில் 'பீ' என்று வந்தால் உஷாராகிவிடுங்கள்.

வோமா, ஷாம்பெயின், ஹிடன் ஜீன் வோமா இவற்றிலும் தலையாட்டம் உண்டு. ஸ்பைடரையும் ஷாம்பெயினையும் சேர்த்தால் இரண்டையும் பெறும் குட்டி பிழைக்காது. டெசர்ட் என்ற மார்ஃபின் பெண்கள் முட்டையிட முடியாமல் வயிற்றிலேயே சிக்கி இறப்பதுண்டு. அழகுக்கு மயங்கி டெசர்ட் பெண் வாங்கி ஜோடி போடாதீர்கள். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு கோணல் அதிகம். பிளாக் பாஸ்டலோ சின்னமனோ சூப்பராகும்போது வாத்து மூக்கும் முதுகு மடிப்பும் வரலாம். ஒற்றை ஜீனாக இருந்தால் இரண்டும் நல்ல பாம்புகளே, அதையே அதோடு சேர்க்காமல் இருந்தால் போதும்.

பனானா எல்லாம் ஆண் குட்டியாகவே வருகிறது என்கிறார்களே?

வரும், சில ஆண்களிடமிருந்து. எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகப் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பல பாம்புகளில் பெண்ணுக்குத்தான் இரண்டு விதமான பாலினக் குரோமோசோம்கள். பால் பைத்தானில் நம்மைப் போலவே ஆணுக்கு எக்ஸ், ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பனானா ஜீன் அந்தப் பாலினக் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆண் தன் அப்பாவிடமிருந்து பனானாவைப் பெற்றிருந்தால் அது ஒய்யில் இருக்கும். அவன் ஒய்யைக் கொடுப்பது மகன்களுக்குத்தான். ஆகவே அவனுடைய பனானாக் குட்டிகளில் பெரும்பாலானவை ஆண். அதே ஆண் தன் அம்மாவிடமிருந்து பெற்றிருந்தால் அது எக்ஸில் இருக்கும். எக்ஸ் போவது மகள்களுக்கு, எனவே பனானாக் குட்டிகள் பெரும்பாலும் பெண். முன்னவனை 'மேல் மேக்கர்' (ஆண் குட்டி தருபவன்), பின்னவனை 'ஃபீமேல் மேக்கர்' (பெண் குட்டி தருபவன்) என்று விளம்பரத்திலேயே எழுதுவார்கள். பனானாப் பெண்ணிடம் இந்தக் கணக்கு இல்லை, பாதிக்குப் பாதி. எப்போதாவது ஒரு குட்டி விதியை மீறி வரும், அதுவும் சகஜம்.

ஆக, பனானா ஆண் வாங்கினால் நிறத்தைக் கேட்பதற்கு முன் பனானா அப்பா வழியா அம்மா வழியா என்று கேளுங்கள். பெண் குட்டிக்கே மவுசு அதிகம்.

ஆணுக்குச் செலவு செய்வதா, பெண்ணுக்கா?

நல்ல ஜீன்களை ஆணில் போடுங்கள். ஆண் ஒன்று, ஒன்றரை வயதில், 700 கிராம் எடை வந்ததும் வேலைக்குத் தயார், ஒரு பருவத்தில் பல பெண்களோடு விடலாம். பெண்ணுக்கு மூன்று வருடம், 1500 கிராம். சிலர் இரண்டாம் வருடத்திலேயே எடையை ஏற்றி முட்டை எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முட்டையிட்டு முடித்த பெண்ணைத் தூக்கிப் பாருங்கள், முதுகெலும்பு கையில் தட்டுப்படும். உடலில் சேமிப்பு இல்லாமல் அதைத் தாங்க முடியாது.

அதனால் வாங்கும் வரிசையும் மாற வேண்டும். முதலில் பெண் குட்டி, ஒரு வருடம் கழித்து ஆண். காத்திருக்கும் நாளில் வளர்க்கக் கற்றுக்கொள்வீர்கள். வளர்ந்த பெண்ணை வாங்கினால் அவள் உங்கள் வீட்டில் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகே ஆணைப் பற்றி யோசியுங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில், கடைசியாக எப்போது, எதைச் சாப்பிட்டது என்று கேளுங்கள். பால் பைத்தான் மாதக் கணக்கில் பட்டினி கிடப்பதில் பெயர் பெற்றது, ஒழுங்காகச் சாப்பிடும் குட்டி தங்கம். வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் வேண்டாம். முதுகை விரலால் வருடினால் மணிமாலை போல ஒரே சீராக ஓட வேண்டும், திடீர் மேடு இருந்தால் கோணல். கண் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால் உண்ணி.

முட்டைக்குப் பிறகு என்ன நடக்கும்?

பொதுவாக நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜோடி சேர்ப்போம். கருமுட்டை வெளிவரும் நாளில் பெண்ணின் நடுவயிறு ஏதோ பெரிய எலியை விழுங்கியது போல வீங்கும், ஒரே நாளில் இறங்கிவிடும். அதன் பிறகு ஒரு சட்டை உரிக்கும். அதிலிருந்து ஏறத்தாழ முப்பது நாளில் முட்டை. தாயே சுற்றி வளைத்து அடைகாக்கும், ஆனால் நாங்கள் பெரும்பாலும் இன்குபேட்டரில் வைப்போம்: 31இலிருந்து 32 டிகிரி, நல்ல ஈரப்பதம், 55இலிருந்து 60 நாள்.

கோழி முட்டை மாதிரி உருட்டக் கூடாது. எடுத்தவுடன் மேல்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, கடைசி வரை அது மேலேயே இருக்க வேண்டும். போன் டார்ச்சை ஓட்டில் வைத்தால் உள்ளே சிவப்பு நரம்பு வலை தெரியும். மஞ்சளாக மட்டும் தெரிந்தால் அது கூமுட்டை.

கடைசி வாரத்தில் முட்டை தளர்ந்து பள்ளம் விழும். பயப்படாதீர்கள், நானும் முதல் முறை நடு இரவில் எழுந்து எழுந்து பார்த்தேன். அப்புறம் ஒரு காலை, தோல் போன்ற ஓட்டில் பிளேடால் கீறியது போல ஒரு கோடு. அதில் ஒரு மூக்கு, உளுந்து அளவு. கிட்டே போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மூக்கின் நிறம்தான் மூன்று வருடக் காத்திருப்பின் விடை. பைட்டாக இருந்தாலும் தலையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, தலை பெரும்பாலும் நிறத்தோடுதான் இருக்கும். உடல் வெளியே வரும்வரை இன்னும் ஒரு நாள் நகம் கடிக்க வேண்டியதுதான். பொறுக்காமல் மீதி முட்டைகளை வெட்டித் திறப்பவர்கள் உண்டு. நான் திறப்பதில்லை.

பொரிந்து ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டை, அதன் பிறகே முதல் இரை. இங்கேதான் உண்மையான வேலை. ஆறு குட்டியில் ஒன்றாவது சாப்பிட மறுக்கும். நாலைந்து முறை தானாகச் சாப்பிடும்வரை நான் எந்தக் குட்டியையும் கைமாற்றுவதில்லை.

லாபம் வருமா?

வராது. இன்குபேட்டர், பெட்டி, தெர்மோஸ்டாட், மருத்துவர், எலி எல்லாம் கூட்டினால் ஒரே ஜோடி வைத்திருப்பவர் கையிலிருந்துதான் போடுவார். முதல் பைட்டுகள் விற்ற காலத்தில் ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். இன்று சில நூறு. இன்றைய சூடான மார்ஃபை இன்றைய விலைக்கு வாங்கினால், உங்கள் பெண் முட்டையிடும் வயது வரும்போது அதன் விலை என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

நம் ஊர் மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள பாதுகாக்கப்பட்ட உயிர், அதைத் தொடவே கூடாது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதே சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2024இல் பதிவுக்கான விதிகளும் வந்தன. வைத்திருப்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குட்டி பொரிந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் தாள் இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் துணிப் பையில் சுருட்டிக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட பாம்புகளில் பால் பைத்தான்களும் உண்டு. உங்களுக்கு மலிவாகச் சொல்லப்படுவது அப்படி வந்ததாக இருக்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் கேட்கவே வேண்டாம், அங்கே வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை.

ஆண் வாங்கவே இல்லை, என் பாம்பு முட்டையிட்டுவிட்டது. எப்படி?

உங்களுக்கு முன்பே வேறொருவர் ஆணோடு விட்டிருக்கலாம், பெண் விந்தை நெடுநாள் சேமித்து வைக்கும். ஆண் இல்லாமலே கரு உருவாவதும் உண்டு. 2020 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் ஏழு முட்டை இட்டது. குறைந்தது பதினைந்து வருடமாக எந்த ஆணும் அதன் பக்கத்தில் போகவில்லை. உங்களுடையதும் டார்ச்சில் சிவப்பு நரம்பு காட்டினால் புள்ளி வைத்து இன்குபேட்டரில் வையுங்கள். மஞ்சளாக இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, அவளுக்கு ஒரு சின்ன எலியாகக் கொடுத்துச் சாப்பாட்டை மெதுவாக ஆரம்பியுங்கள்.